சாரம் கட்டும் முன்

தருமபுரியிலிருந்து கொலுறும் மட்டப்பலகையுமாக மைசூருக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவன் நான். காண்ட்ராக்ட் எடுக்கக் கிளம்பும் தம்பிக்குச் சொல்வது:

1. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். "வரி தனி" என்று ஒப்பந்தத்தில் எழுது. மறந்தால் 18 சதவீதம் உன் லாபத்தில்தான் போகும்.

2. மாநகராட்சி ஒப்புதல் தந்த பிளானைக் கையில் வாங்காமல் வானம் தோண்டாதே. வீட்டுக்காரர் பாதியில் "இன்னொரு மாடி போட்டுடலாம்" என்பார். தலையாட்டாதே. பிளானை மீறினால் குடிபுகு சான்று (ஓ.சி.) கிடைக்காது. அது இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் தரக்கூடாது என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீட்டர் வராத வீட்டுக்காரர் உன் கடைசித் தவணையையும் தரமாட்டார்.

3. பத்து ஆள் சேர்ந்தால் இ.எஸ்.ஐ., இருபதானால் பி.எஃப். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்குப் பழைய 1970 சட்டத்தில் 20 பேர் என்பது கணக்கு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 50. இதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நீயே பார்க்க வேண்டியது கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை. 18 முதல் 60 வயதுக்குள், ஒரு வருஷத்தில் 90 நாள் வேலை செய்தவருக்குக் கிடைக்கும். அந்த 90 நாளுக்குச் சான்று தர வேண்டியவன் நீ. நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்ட ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரிக்காகக் கலவை மெஷினை விற்றேன். அவன் இன்னும் சாய்ந்துதான் நடக்கிறான்.

4. பழைய கட்டட மராமத்தா? 2012-ல் இங்கே மைசூரில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் செத்தார்கள். 2016-ல் தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பக்கம் சரிந்தது. தொல்லியல், பாரம்பரியத் துறை இந்த ஊரிலேயே இருக்கிறது. கேட்காமல் சுத்தியல் எடுக்காதே.

5. அரசு வேலைக்குப் பொதுப்பணித் துறையில் பதிந்துகொள். அஸ்திவாரத்தை மண் மூடும் முன் இன்ஜினியரை வரவழைத்து எம்.பி. என்னும் அளவுப் புத்தகத்தில் அளவு ஏற்று. அதில் இல்லாததற்குப் பில் இல்லை.

6. கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள். பேசத் தெரிந்தால் போதும் என்று நானும் இருந்துவிட்டேன். இன்றைக்கும் நோட்டீஸ் வந்தால் பேத்தியைத்தான் கூப்பிடுகிறேன்.