15 வயது டூவீலர்: ஆய்வில் எதனால் திருப்பி அனுப்புகிறார்கள்?



நெல்லிக்குப்பத்தில் நம் மக்களின் பிழைப்பில் பெரும்பகுதி சிறிய டூவீலரை நம்பியே நடக்கிறது. அத்தா வாங்கிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மகன் ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு பண்ருட்டிக்குப் போகிறார். பழைய ஸ்பிளெண்டரில் மூன்று பேர் மத்ரஸாவுக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் பதிவான வண்டிகளுக்கு இப்போது 15 ஆண்டுகள் நிறைவதால், 'எஃப்.சி.க்கு என்ன செய்ய வேண்டும்?' என்று பலரும் நம்மிடம் கேட்கிறார்கள். அதற்கான விளக்கமே இக்கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் டூவீலருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 20 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு 2025 ஆகஸ்டில் இது 2,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

காலாவதியான ஆர்.சி.யுடன் ஓட்டினால், பதிவு இல்லாத வண்டியை ஓட்டியதாகவே கருதப்படும். முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உள்ளது. சொந்த டூவீலரை முதல் 15 ஆண்டுகளில் எந்த அதிகாரியும் முழுமையாகச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த மோட்டார் சைக்கிளை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே தோல்விக்கான காரணங்களில் முதலிடம் பெறுவது இன்ஜின் அல்ல, விளக்குகள்தான். பிரேக், டயர் போன்றவையும் பட்டியலில் வருகின்றன. இங்கும் பெரும்பாலும் சிறு செலவில் சரியாகும் பொருள்களே வண்டியைத் திருப்பி அனுப்ப வைக்கின்றன.

எவை எவை?

1. விளக்குகள். ஹெட்லைட்டில் டிம், பிரைட் இரண்டும் எரிய வேண்டும். இரண்டு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து, பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் பிரேக்கின் சுவிட்ச் பழுதானது ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்புறச் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். ஆலைக்குக் கரும்பு லோடு போகும் சாலையில், இரவில் பின்னால் வரும் வண்டிக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

2. பிரேக். பல வண்டிகளில் டிரம் மூடியின் மேல் ஒரு குறியும், பிரேக் கையில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். நட்டை மேலும் முறுக்கிச் சமாளிக்காமல் ஷூவை மாற்றிவிடுங்கள்.

3. டயர். டூவீலர் டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது பயன்படாத டயர் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயரையும் ஒதுக்குங்கள்.

4. கோன்செட். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக்' என்று ஆடினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. புகை. 2000 மார்ச்சுக்குப் பின் தயாரான பெட்ரோல் டூவீலரில் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் 'இன்ஜினுக்கு நல்லது' என்று ஆயிலை அதிகம் ஊற்றுவதால் புகை கூடி, சைலன்சரில் கரி அடைகிறது. கம்பெனி சொன்ன அளவே போதும்.

6. நம்பர் பிளேட்டும் சேஸிஸ் எண்ணும். அலங்கார எழுத்து, ஸ்டிக்கர், படம் எதுவும் பிளேட்டில் கூடாது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். அந்த இடம் துருவேறியிருந்தால் முன்பே துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். உப்புத்தாள் போட்டு எண்ணை அழித்துவிடாதீர்கள்.

சாரி கார்டை மறக்க வேண்டாம்

பின்சீட்டில் அமர்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தின் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 123-ஆவது விதி. பழைய வண்டிகளில் சாரி கார்டு உடைந்ததும் பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். புர்காவும் துப்பட்டாவும் அணிந்து ஒருபக்கமாக அமரும் நம் பெண்களுக்கு அதுவே பாதுகாப்பு. துணியின் ஓரம் சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால், ஒரு நொடியில் ஆளையே கீழே இழுத்துவிடும். ஆய்வாளர் கேட்கிறாரோ இல்லையோ, சாரி கார்டு இல்லாத வண்டியில் வீட்டுப் பெண்களை ஏற்றாதீர்கள். செயின் கவரும் முழுமையாக இருக்கட்டும்.

தாள்களில் வரும் தடை

வண்டி நன்றாக இருந்தும் தாள்களால் நின்றுபோவது உண்டு. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். கடன் கட்டி முடித்திருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் படிவம் 35 பெற்று, ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்குங்கள்.

மவ்த்தானவர் பெயரிலேயே வண்டி ஓடுவது நம்மிடம் அதிகம். சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் தேவை. வண்டியும் மய்யித் விட்டுச்சென்ற சொத்துதான். மற்ற வாரிசுகளின் சம்மதம் பெறாமல் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது முறையாகாது.

இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதி ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளரே கட்ட வேண்டிவரும். பல லட்சமாகக்கூடிய அந்தத் தொகைக்கு வீட்டை விற்கும் நிலை வரலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீருக்கும் நாம் பொறுப்பாளிகள்.

நாம் செய்ய வேண்டியது

15 ஆண்டுகள் வரை காத்திருக்காமல், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, மேலே சொன்னவற்றை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள். ஆர்.சி.யில் உள்ள காலாவதித் தேதியை இன்றே பார்த்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், ஆதார் ஆகியவற்றுடன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், படிவம் நிரப்ப உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம்மை நம்பிப் பின்னால் ஏறி அமர்பவரின் உயிர் நம் கையில் உள்ள அமானிதம். அல்லாஹ் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.