பழுது பார்க்கும் கருவிகளின் அளவும் பாதுகாப்பும்

எடை பிசகிய தராசில் தம் நெல்லை நிறுக்க எந்தக் குடியானவரும் சம்மதியார். ஆயினும், அளவு தவறிய கருவியைக் கொண்டு டிராக்டரின் சக்கர நட்டுகளை முடுக்குவோர் அநேகர். நட்டு தளர்ந்திருந்தால் ஓட்டத்தில் சக்கரம் கழன்று விழக்கூடும். மிஞ்சி முடுக்கினாலோ போல்ட்டு நீண்டு, பாரம் ஏறும் சமயத்தில் முறியக்கூடும்.

இயந்திரத்தின் கையேட்டில் கண்ட அளவுக்கு முடுக்குவதற்கு உரியது டார்க் ரெஞ்சு. குறித்த விசை சேர்ந்தவுடன் 'டிக்' என்று ஒலிக்கும் வகையில் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. அது அழுத்தத்திலேயே கிடந்தால் அளவு பிசகும். ஆகையால் வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தல் வேண்டும். நட்டைக் கழற்ற இதனை உபயோகித்தலும், பிடியில் குழாய் மாட்டி நீட்டுதலும் கூடா. 12 மாதங்களுக்கு ஒரு முறையோ, 5,000 தடவை முடுக்கிய பின்போ, எது முந்துகிறதோ அப்போது சோதனைச் சாலையில் அளவு சரிபார்த்தல் நலம். கீழே விழுந்த கருவியை உடனே சோதிக்க வேண்டும்.

சந்தேகம் தோன்றினால் வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் இறுக்கிப் பிடியைக் கிடைமட்டமாக நிறுத்துக. சதுர முனையின் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில், பிடியின் மத்தியில், 15 கிலோ எடையை மெதுவாகத் தொங்கவிடுக. இதனால் உண்டாகும் முறுக்கு விசை சுமார் 59 நியூட்டன் மீட்டர். ரெஞ்சை 55-இல் வைத்தால் ஒலிக்க வேண்டும். 70-இல் வைத்தால் ஒலிக்கலாகாது. கருவியின் சொந்த எடையும் சிறிது சேருமாதலால் இது உத்தேச சோதனையேயாம். இதிலும் தவறினால் அக்கருவியை விலக்கி வைக்க.

ஏனைய கருவிகளையும் மாதம் ஒரு முறை பார்வையிடுதல் அவசியம். அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் விரிந்த உளித்தலையிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் போக்கிவிடும். விளிம்பைச் சாணையில் தேய்த்துச் சீராக்குக. ஆடும் சுத்தியற் காம்பையும், வாய் விரிந்த ஸ்பானரையும் உடனே மாற்றுக. ஸ்பானரைத் தள்ளாமல் தம்மை நோக்கி இழுப்பதே நன்று. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது. உறுதியான தாங்கி வைத்த பின்னரே புகவேண்டும்.

கருவி வாங்கப் பணம் செலவிடுவோர், அதனைச் சோதிக்கச் சற்று நேரமும் செலவிடுவாராயின், இயந்திரமும் நீடிக்கும், கையும் கண்ணும் காக்கப்படும்.