சங்கை விடுங்கள், துணியை எண்ணுங்கள்

பிரசவப் பையில் பழைய வேட்டித் துணி 20 இருக்கட்டும். சங்கும் சர்க்கரையும் வேண்டாம். “மூணு நாளைக்குப் பால் ஊறாதே, பிள்ளை காய்ந்துபோகாதா?” என்று பெரியவர்கள் கேட்பது அக்கறையில்தான். ஆனால் பிறந்த குழந்தையின் சின்ன வயிற்றுக்கு மஞ்சளாகச் சொட்டும் சீம்பாலே போதும். சேனை என்று சங்கில் புகட்டும் சர்க்கரைத் தண்ணீர் அந்த வயிற்றை நிரப்பிவிட்டால் குழந்தை சப்புவது குறையும். சப்பாத மார்பில் பால் ஊறுவதும் தள்ளிப்போகும். சித்திரை வெயிலுக்குத் தனியே தண்ணீர் வேண்டாமா என்றால், தாய்ப்பாலில் 100-க்கு 87 பங்கு தண்ணீர்தான். தாகம் தாய்க்கு, பத்தியம் என்று அவருக்குத்தான் சொம்பை மறைக்கிறோம்!

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்து மட்டும் கணிக்க முடியாது, ஈரத்துணிக்கும் பிள்ளை அழும். 5-ஆம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 துணியாவது நனைந்து, எடையும் ஏறினால் கவலையில்லை. நனையும் துணி குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, பாலுக்கு எழாமல் சோர்ந்து தூங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.