ஊசி பிடித்த கையும் தராசு பிடித்த கையும்

 

தராசைப் பிடிக்கும் கை நேராயிருக்க வேண்டும் என்று நமக்கு எவரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை. அளவிலும் நிறுவையிலும் மோசஞ் செய்வோருக்குள்ள எச்சரிக்கையை மதுரஸாவில் சிறுவயதிலேயே ஓதியவர்கள் நாம். ஆயினும் அளவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் மாத்திரமன்று. கடையில் நின்று நாம் சொல்லும் சொல்லுக்கும் உண்டு. கோவிட் காலத்தில் தடுப்பூசி போட்டவர்களின் வேலையைப் பார்த்த பிறகே இது நமக்கு விளங்கிற்று. ஆகவே அதனை இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

1. நமது பிழை

உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் தேதி கோவிட்-19 நோயை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அம்மாதம் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் இல்லாமற் போகவே, நம்போன்ற சிறு கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. முதலில் முன்னணிப் பணியாளருக்கும், ஏப்ரல் முதல் முதியோருக்கும் ஊசி போடப்பட்டது.

அச்சமயம், பால்வெட்டுத் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், நம் கடையின் நெடுநாள் வாடிக்கைக்காரர், சாமான் வாங்க வந்த இடத்தில், "பாய், இந்த ஊசியைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார். நமக்கு அதைப்பற்றி ஒன்றுந் தெரியாது. எனினும் தெரியாது என்று சொல்ல நாவு வரவில்லை. கைப்பேசியில் எவரோ அனுப்பியிருந்த செய்தியை நினைத்துக் கொண்டு, "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க ஐயா" என்றோம். நம் பேச்சை நம்பி அவர் பொறுத்தார். நாட்டில் ஒரே நாளில் 20,000 பேருக்கு மேல் தொற்றுக் கண்ட 2021 ஆகஸ்டில் அவருக்கும் நோய் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

2. ஊசி போடுவோரின் வேலை

அதன் பின்னர், ஊசி போடாதிருந்த அண்டை அயலாரை நம் வேனில் ஏற்றி, மஞ்சோங் மாவட்டத்து மையம் ஒன்றுக்குக் கொண்டு போனோம். அங்கே காத்திருந்த வேளையில் கண்டதையும் கேட்டதையும் சொல்லுகிறோம்.

பைசர் மருந்துக் குப்பியில் அப்போது இருந்தது 0.45 மில்லி லிட்டர் மாத்திரமே. அதனுடன் 1.8 மில்லி லிட்டர் உப்புநீர் சேர்க்க வேண்டியிருந்தது. குலுக்காமல், மெதுவாகப் பத்துத்தரம் கவிழ்த்து நிமிர்த்த வேண்டியிருந்தது. அதிலிருந்து ஆளுக்கு 0.3 மில்லி லிட்டர் வீதம் ஆறு பேருக்கு எடுக்க முடிந்தது. சாதாரணக் குழலில் ஒரு சொட்டு அடியில் தங்கிவிடும். அவ்விதம் தங்காத குழலும் நிதானமான கையும் இருந்தால்தான் ஆறாவது ஆளுக்குக் கிடைத்தது. கலந்த மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டியிருந்தது. தவறினால் கொட்டத்தான் வேண்டியிருந்தது. ஒரு சொட்டின் விலை ஒரு மனிதருடைய முறை என்பதை நாம் அங்கேதான் அறிந்தோம்.

குழலில் மருந்தின்றி ஊசி போடப்பட்டதாகச் சில புகார்கள் நாட்டில் எழுந்ததன்மேல், 2021 ஜூலையில் ஓர் ஒழுங்கு வந்தது. போடுமுன் மருந்துள்ள குழலையும், போட்டபின் வெறுங் குழலையும் ஊசி போட்டுக் கொள்பவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. அவர் விரும்பினால் படம் பிடித்துக் கொள்ளவும் அனுமதி இருந்தது. இதைக் கண்டபோது நம் பெரியவர்களின் நினைவு வந்தது. அவர்களும் வெறுந்தட்டைக் காட்டி, முள் நடுவில் நிற்பதைக் காட்டிய பிறகன்றோ சாமானை நிறுத்தார்கள்! நேர்மையாளருக்குச் சோதனையினால் குறைவு வருவதில்லை.

நம்முடன் வந்த அம்மாள் ஒருவர் மிகவும் பயந்திருந்தார். தாதி கடிந்து கொள்ளவில்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், மூச்சு முட்டினால் உடனே சொல்ல வேண்டும், போட்டபின் 15 நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். தாம் சாப்பிடும் இருதய மாத்திரையைப் பற்றி அம்மாள் கேட்டதும், "எனக்குத் தெரியலைம்மா, டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். படித்த தாதி தெரியவில்லை என்றார். படியாத நாம் தெரிந்தவர்போல் பேசினோம். நமக்குத் தலை குனிந்தது.

3. மார்க்கம் சொல்வது

விதியிருந்தால் வரட்டும் என்று நம்மில் சிலர் சொன்னதுண்டு. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கலந்து, வழியிலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக மறுமொழி தந்தார்கள். மலேசியாவிலும் 2020 டிசம்பரில், இத்தடுப்பூசி ஆகுமானதென்றும், அரசாங்கம் குறிப்பிடுவோர் மீது கடமையென்றும் மார்க்க அறிஞர் குழு தீர்ப்பளித்தது.

4. ஒரு முன்மாதிரி

பெரியம்மைக்கு ஜென்னர் 1796இல் தடுப்பு முறை கண்டார். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அம்மைப் பால் தயாரிக்கப்பட்டது. அம்மை குத்திய வடு நம் பெற்றோர் கையில் இருந்ததைப் பார்த்திருக்கிறோம். உலகில் இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர் சோமாலியாவின் அலி மாவ் மாலின் என்பவர். ஆஸ்பத்திரிச் சமையற்காரர், அம்மை குத்தும் வேலையிலும் சிறிது காலம் இருந்தவர். ஆனால் வலிக்குமென்று பயந்து தாம் மட்டும் குத்திக் கொள்ளவில்லை. 1977 அக்டோபரில் நோய் கண்டு பிழைத்தார். 1980இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி தம் கதையைச் சொல்லியே தாய்மாரிடம் மன்றாடினார். அவ்வேலையில் இருக்கும்போதே 2013இல் மலேரியாவினால் மரணமானார். தம் பிழையை ஒளிக்காமல், அதையே பிறருக்குப் பாடமாக்கினார்.

5. நாம் கொள்ளவேண்டியவை

ஒன்று: மருந்தைப் பற்றி வாடிக்கைக்காரர் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்போம், டாக்டரிடம் அனுப்புவோம்.

இரண்டு: கைப்பேசியில் வந்த செய்தியைச் சரிபாராமல் கடையில் விற்க வேண்டாம். அது முத்திரையில்லாத படிக்கல்.

மூன்று: பயந்தவரை ஏளனம் செய்யாது, கூடவே போவோம்.

2021 அக்டோபரில் நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஊசி முழுமையாகப் போட்டு முடிந்தது. 11ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி பிறந்தது. லூமுட் படகுத்துறையில் மறுபடியும் கூட்டம் வந்தது; கடையிலும் வியாபாரம் வந்தது. அந்தப் பெரியவர் மாத்திரம் வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர் பேரிலிருந்த பற்றை மகன் வந்து தீர்த்துவிட்டுப் போனார். அவரிடம் நாம் பட்ட கடன் தீரவில்லை. அதனாலேயே இதனை எழுதினோம்.

அல்லாஹ் நம் கையையும் நாவையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.