கம்பத்தில் ஏறப்போவது யார்?

வேகத்தையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்து வீட்டுக்கு நெட் வாங்குவது சென்னை, கோவைக்காரர்களுக்குச் சரிப்படும். மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் அந்த வேலைக்கே இடமில்லை. நிறுவனத்தின் செயலியில் பின்கோடு போட்டால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று பச்சை டிக் விழும். ஆனால் ஒரு பின்கோடு ஏழெட்டு ஊருக்குப் பொது. லைன் வந்து நிற்பதோ மெயின் ரோட்டுக் கடைத்தெருவில்.

அப்படிப்பட்ட ஊருக்கு, பெங்களூரு கம்பெனி வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு திரும்பினார் ஒரு மென்பொருள் ஊழியர். கிராமத்திலிருந்து மென்பொருள் வேலை என்பது இப்போது ஆச்சரியமான செய்தி இல்லை. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-லேயே அலுவலகம் போட்டுவிட்டது. ஆனால் அலுவலகமே வந்தால் அதற்கென்று தனி லைன் இழுப்பார்கள். ஊழியர் மட்டும் வந்தால், ஊரில் இருப்பதில் எது தேறும் என்று அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அவர் போட்டது தேவைக் கணக்கு. அவருக்கு வீடியோ மீட்டிங். மனைவி மாலையில் ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறார். அப்பாவுக்குக் காலையில் மேட்டூர் அணை நீர்மட்டம், ராத்திரி யூடியூப். நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்குப்படி ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கு 15. குழுவாகப் பேசும் ஜூம் மீட்டிங், நல்ல தெளிவிலேயே, நான்கு எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் முப்பதுக்குள் முடிந்துவிடும். 300 எம்பிபிஎஸ், 500 எம்பிபிஎஸ் பிளானெல்லாம் இந்த வீட்டுக்கு வீண் செலவு. சொன்ன 50 எம்பிபிஎஸ்ஸை ராத்திரி எட்டு மணிக்கும் தந்தால் போதும்.

அந்த ‘ராத்திரி எட்டு மணிக்கும்’ என்பதில்தான் சிக்கல். பிராட்பேண்ட் என்ற பெயரைப் பெற அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச வேகம் 2013 முதல் 512 கேபிபிஎஸ்ஸாக இருந்தது. 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது. விளம்பரத்தில் 100 என்று போட்டவர் எந்த நேரமும் 100 தந்தாக வேண்டும் என்று யாரும் எழுதி வாங்கவில்லை. ‘வரை’ என்ற சின்ன எழுத்து எப்போதும் பக்கத்தில் இருக்கும்.

அடுத்து, தெருவில் ஒரு நடை. தலையை உயர்த்தி ஈபி கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனால் எந்தக் கேபிள் எதுவரை வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். எந்தச் செயலியையும்விட நம்பகமான தகவல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். கறுப்புக் கேபிளைச் சுருட்டிக் கம்பத்தில் கட்டியிருக்கிறார்களா, பக்கத்தில் சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறார்களா, அதற்கு அடுத்த வீட்டுக்காரர் யாரிடம் வாங்கியிருக்கிறார் என்று விசாரித்தால் பாதி வேலை முடிந்தது. அவர் ஊரில் தேறியவை மூன்று: டிவி கேபிள்காரர் இழுத்திருக்கும் தனியார் ஃபைபர்; உள்ளூர் ஆள் ஒருவர் எடுத்து நடத்தும் பிஎஸ்என்எல் ஃபைபர்; டவரிலிருந்து காற்றில் வரும் 5ஜி.

பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்திருக்கும் அரசு ஃபைபரை வீட்டுக்கு இழுக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். 2011-ல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று தொடங்கி, 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் அது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்துடையது. பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் மேலேயே போகிறது. ஊராட்சி வரை வந்துவிட்டது என்பதாலேயே தெருவுக்கு வந்துவிட்டதாகாது. அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க உள்ளூரில் ஒருவர் முன்வர வேண்டும். அந்த ஒருவர் இருக்கிறாரா என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

காற்றில் வரும் நெட்டைத்தான் அந்த ஊழியர் முதலில் சோதித்தார். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் இதை நகரங்களில் கொண்டுவந்தன. மாடியில் ஒரு பெட்டி, அது டவரைப் பார்த்து நிற்கும், அங்கிருந்து வீட்டுக்குள் ஒரு ஒயர். கம்பமும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். ஆனால் போனில் 5ஜி என்று காட்டுவதை நம்பி ஆர்டர் கொடுத்துவிடக் கூடாது. 700 மெகாஹெர்ட்ஸில் வரும் 5ஜி வெகுதூரம் போகும், சரக்கு குறைவு. 3.5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி வரும் 5ஜியில் வேகம் கொட்டும். ஆனால் தூரம் தாங்காது, நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் அதிலேயே பாதி கரைந்துவிடும். இரண்டுக்கும் போனில் அதே அடையாளம்தான்.

கோடுகளை எண்ணாமல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் ‘அபவுட் போன்’, அதற்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ போனால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நன்று. மைனஸ் 110-ஐ நெருங்கினால் கும்பிடு போட்டுவிடலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மையும் கடன் வாங்கியாவது மாடியில் நின்று பார்ப்பது நல்லது. பகலில் ஒருமுறை, ஊரே சாப்பிட்டு முடித்துப் போனைக் கையில் எடுக்கும் இரவு நேரத்தில் ஒருமுறை, முடிந்தால் கிரிக்கெட் மேட்ச் நடக்கும்போது ஒருமுறை. அவர் வீட்டில் பகலில் பிரமாதமாக இருந்த 5ஜி, ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ மீட்டிங்குக்கே திணறியது. டவர் ஒன்று, அதைப் பங்குபோடும் ஊர்கள் பல.

ஆக, ஃபைபர். கேபிள்காரரின் ஆள் வந்து லைன் கொடுத்துவிட்டுப் போன முதல் வாரம் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு மழை பெய்ததும் மோடத்தில் சிவப்பு லைட். வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும், அடுத்த மழைக்கு மறுபடி சிவப்பு. போன் போட்டால், “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்பதே பதில். கடைசியில் வேறொருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், பையில் கேபிளில் வரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் வைத்திருந்தார். மோடத்திலிருந்து கேபிளைக் கழற்றி மீட்டரில் செருகினார்: மைனஸ் 26 டிபிஎம்.

“அண்ணே, இது தாங்குமா?”

“அடுத்த மழை வரைக்கும் தாங்கும் தம்பி.”

கேபிள்காரர்கள் கொடுக்கும் வழக்கமான ஜிபான் மோடத்துக்கு மைனஸ் 27-தான் எல்லை. அதற்குக் கீழே வெளிச்சம் மங்கினால் லைன் அறுந்த மாதிரிதான். மைனஸ் 26 என்பது எல்லைக்கோட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பது. வந்தவர் கேபிளைத் தொடர்ந்துகொண்டே போய், கம்பத்துக்குக் கீழே பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்த ஒரு ஜாயின்ட்டைப் பிரித்தார். உள்ளே தண்ணீர். வெளித்தோலை உரித்து, கண்ணாடி இழையை ஸ்பிரிட்டில் துடைத்து, கட்டரில் நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் இரண்டு முனைகளையும் வைத்து மூடினார். மெஷினின் சின்னத் திரையில் இரண்டு இழைகளும் உலக்கை போலப் பெரிதாகத் தெரிந்தன; ஒன்றை ஒன்று நெருங்கி, ஒரு பொறி, ஒட்டிக்கொண்டன. இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது. ஜாயின்ட் மேல் உறையைச் சூடாக்கிச் சுருக்கி, புதுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். வீட்டுச் சுவரில் ஆணிக்கு ஆணி மடக்கிக் கட்டியிருந்த கேபிளையும் அவிழ்த்து, அகலமான வட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டார். கண்ணாடியை இறுக்கி மடக்கினால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்துவிடும். மறுபடி மீட்டரில் பார்த்தபோது மைனஸ் 20. ஆறு டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபலுக்கு வெளிச்சம் இரண்டு மடங்கு. ஆறு என்றால் நான்கு மடங்கு.

அன்றைக்குப் பிறகு சிவப்பு லைட் எரியவில்லை. புதிதாக லைன் வாங்குகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, “பவர் எவ்வளவு காட்டுது?” என்பதுதான். மைனஸ் 15-க்கும் 22-க்கும் நடுவில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். ஜாயின்ட்டை மெஷினில் ஒட்டினார்களா, கையால் செருகும் கனெக்டரில் முடித்துவிட்டார்களா என்பதையும் நின்று பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: சில கேபிள்களில் இழைக்குத் துணையாக ஒரு இரும்புக் கம்பி ஓடும். அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து நிறுத்திவிடச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் இடி இறங்காது, இரும்பில் இறங்கும்.

இப்படி ஒருவர் எத்தனை நேரத்தில் வருவார் என்பதை வைத்துத்தான் கிராமத்தில் நெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பம் கண்டது, நானும் அதே கட்சி. டெல்டாக்காரர்களால் கஜாவை மறக்க முடியாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயல், லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கம்பத்தோடு சேர்ந்து கேபிளும் தரையில். புயல் தினமும் வருவதில்லை. ஆனால் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபி அடிக்கடி வரும், தென்னை மட்டை தினமும் விழும், அணில் சும்மா இருக்காது. எனவே ஏற்கெனவே லைன் வைத்திருக்கும் வீடுகளில் “வேகம் எப்படி?” என்று கேட்பதைவிட, “கடைசியா கட் ஆனப்ப எத்தனை நாள்ல வந்தாங்க?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். ஸ்ப்ளைசிங் மெஷின் அவர்களிடமே இருக்கிறதா, டவுனிலிருந்து வாடகைக்கு வர வேண்டுமா என்பதும் முக்கியம். சொந்த மெஷின் இருந்தால் அன்றைக்கே வேலை முடியும்.

ஃபைபரிலும் வரும் சாயங்கால மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் தெருக் கேபிள் இல்லை. ஒரு ஜிபான் இழையில் கீழே வரும் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்குபோட்டாலும் சாதாரண உபயோகத்துக்குத் தாராளம். கேபிள்காரர் மேலிடத்திலிருந்து எவ்வளவு வாங்கி எத்தனை வீட்டுக்குப் பிரிக்கிறார் என்பதில்தான் விஷயம். அதை அவர் சொல்ல மாட்டார். அக்கம்பக்கத்து இணைப்பில் நாமே பார்க்கலாம். வேகச் சோதனைச் செயலி பல நேரம் நிறுவனத்தின் சொந்த சர்வரையே பிடித்துப் பிரமாத எண்ணைக் காட்டிவிடும். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம், படம் வரும் அதே சர்வர்களிலிருந்து அளப்பதால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

பணம் கட்டும் இடத்தில் அவசரம் கூடாது. 499 என்று எழுதியிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 589 ஆகும். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். அதே தெருவில் ஒரு வீட்டில் அப்படிக் கட்டினார்கள். சில மாதங்களில் உள்ளூர் ஆபரேட்டர் மேலிட நிறுவனத்தை மாற்றிக்கொண்டார். பழைய நிறுவனம் இவரைக் கேள் என்றது, இவர் அவர்களைக் கேள் என்றார். மாதாமாதம் கட்டி ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகு மொத்தமாகக் கட்டுவதே உசிதம். மோடம் யாருக்குச் சொந்தம், டெபாசிட் திரும்பி வருமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கரண்ட் விஷயம் தனி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை ஷட் டவுன் போடுவது ஊரில் வழக்கம். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினால் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதிலேயே மாட்டலாம். ஆனால் கேபிள்காரரின் அறையிலிருந்து நெட்டை அனுப்பும் மெஷினுக்குப் பேட்டரி இல்லாவிட்டால் நம் வீட்டு யூபிஎஸ் வெறும் லைட்டை எரிய வைத்துக்கொண்டிருக்கும். இதையும் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கம்பமும் டவரும் எட்டாத மலைக் கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் நெட் ஒரு வழி. பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் பேசினால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஸ்டார்லிங்கில் அந்தத் தொல்லை இல்லை. இலங்கையில் 2025 ஜூலையில் அது சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் வாங்கியது. ஃபைபர் தெருமுனைக்கு வந்துவிட்ட ஊர்க்காரர்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த வீட்டில் இப்போது ஃபைபர் ஒன்று, அவசரத்துக்கு ஒரு சிம். சிம்மை வேண்டுமென்றே வேறு நிறுவனத்தில் வாங்கியிருக்கிறார்கள். ஃபைபரும் டவரும் ஒரே நிறுவனமாக இருந்து மெயின் கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். லைன் கட் ஆனால் முதலில் கேபிள்காரருக்கு வாட்ஸ்அப், உடனே நிறுவனத்தின் செயலியிலும் புகார். வாட்ஸ்அப் செய்திக்குப் புகார் எண் கிடைக்காது. செயலியில் போட்டால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு எண் வரும். நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போக வேண்டி வந்தால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். அப்பா அதைக் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்துவிடுகிறார்.