கூனியும் குளிர்கடலும்

கண்டி மார்க்கட்டில் கருவாட்டுக் கடைப் பக்கம் போனால், சாக்கின் வாயைச் சுருட்டி வைத்துக் கூனி விற்பார்கள். நமது லயங்களில் கூனிச் சம்பல் அரைக்காத வீடு குறைவு. இறைச்சி வாங்க வசதிப்படாத நாளிலும் பிள்ளைகளுக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஒரு பிடி கூனியில் கிடைத்துவிடுகிறது. அந்தக் கூனி கடலில் எப்படிப் பிழைக்கிறது என்பதை இம்முறை படிப்போம்.

கூனி, இறால் இனத்தைச் சேர்ந்தது. நண்டுக்கும் சொந்தக்காரன்தான். நமது உடம்புச் சூடு மழையானாலும் வெயிலானாலும் 37 பாகையை ஒட்டியே நிற்கும். கூனிக்கு அப்படியில்லை. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் உடம்புச் சூடு.

சாப்பாட்டைச் சக்தியாக மாற்றும் வேலையை உடம்பிலுள்ள நொதியங்கள் செய்கின்றன. பெக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. அரைத்த கொழுந்து செம்பு நிறமாவதும் நொதியத்தின் வேலைதானே! குளிர் நாளில் அது மெதுவாகும். சூடு கூடிவிட்டால் கடகடவென்று ஓடித் தேயிலையின் ருசியைக் கெடுத்துவிடும். கூனியின் உடம்பிலும் இதே கதைதான். தண்ணீரில் 10 பாகை கூடினால் உடம்பின் வேலை ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். ஒட்சிசனும் அந்த அளவுக்குக் கூடுதலாக வேண்டும்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால், தென்துருவக் கடலில் வாழும் கிரில் என்ற இறால் போன்ற உயிர் அசையக்கூட முடியாமல் கிடக்க வேண்டும். அங்கே தண்ணீர் 0 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது கூட்டங்கூட்டமாக நீந்தித் திரிகிறது. 1953இல் ஷோலாண்டரும் அவரது கூட்டாளிகளும் இதுபற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அலாஸ்காவிலும் பனாமாவிலும் உள்ள உயிர்கள் எவ்வளவு ஒட்சிசன் எடுக்கின்றன என்று அளந்து பார்த்தார்கள். வெப்பநாட்டு நீர்வாழ் உயிர் சோர்ந்துவிடும் குளிரிலும் பனிநாட்டு உயிரின் வேலை நன்றாகவே நடந்தது.

எப்படி? மார்கழியில் நுவரெலியாப் பக்கம் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பின் கலங்களைச் சுற்றியுள்ள மெல்லிய தோலிலும் கொழுப்பு உண்டு. குளிர்கடல் உயிர்களுக்கு அது நல்லெண்ணெய் மாதிரி, உறையாத வகையில் கூடுதலாக இருக்கும். அவற்றின் நொதியங்களும் குளிரிலேயே சுறுசுறுப்பானவை. பிடித்த கிரிலைச் சில மணித்தியாலம் சும்மா போட்டால், அதன் வயிற்று நொதியமே அதைக் கரைத்துவிடும். இத்தனை இருந்தும் வளர்ச்சி மெதுவாகத்தான். கிரில் ஐந்தாறு வருடம் வாழும். நம் கூனிக்கு ஒரு வருடம்கூட ஆயுள் இல்லை.

கவலை நம் பக்கத்துக் கடலைப் பற்றித்தான். இங்கே தண்ணீர் 27 முதல் 30 பாகை வரை. வெப்பக்கடல் உயிர்கள் தாங்கும் எல்லைக்குப் பக்கத்திலேயே வாழ்கின்றன. இன்னும் சில பாகை கூடினால் பாடு கஷ்டம். சூடு கூடக்கூட உடம்பு ஒட்சிசன் கேட்கும். சுடுதண்ணீரோ அதைக் குறைவாகவே பிடித்து வைக்கும். 0 பாகைத் தண்ணீரில் கரைவதில் பாதியளவுதான் 30 பாகையில் கரையும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கையின் பவளப் பாறைகள் வெளுத்தன. சூட்டில் வளரும் ஓட்டுயிர்கள் பெரும்பாலும் சிறுத்தே போகின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொபெபொட் என்ற ஓட்டுயிர்தான் நெத்தலிக்குத் தீனி. அது குறைந்தால் நெத்தலி குறையும். கடலே பார்க்காத நம் பிள்ளைகளின் தட்டிலும் அது தெரியும்.

இன்னொன்று. இறால், நண்டு தின்றால் தடிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கூனியும் ஒத்துக்கொள்ளாது. சிறிசுதானே என்று கொடுத்துவிட வேண்டாம்.