சாவி வாங்கின தேதி ஞாபகம் இருக்கா?

உங்க வீட்டில் புது ஃபிளாட் வாங்கியிருக்காங்களா? சாவி கைக்கு வந்த தேதியை முதலில் குறிச்சு வைங்க. 2016-ல் வந்த ரெரா சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, அந்தத் தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள் நீங்க தெரியப்படுத்துற குறையை பில்டர் 30 நாளில், காசு வாங்காமல் சரிசெய்து தரணும். தூணில் விழுந்த விரிசல் மட்டுமில்லை. உதிர்கிற பூச்சு, ஒழுகுகிற பாத்ரூம் மாதிரியான வேலைக் குறைகளும் இதில் சேரும். செய்து தரலைன்னா நஷ்டஈடு கேட்கலாம்.

ஆனா வாட்ச்மேன்கிட்ட வாயால் சொன்னதை நாளைக்கு நிரூபிக்க முடியாது. போட்டோ எடுத்து பில்டருக்கு ஈமெயில் அனுப்புங்க. விரிசல் மேல பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சுட்டுப் போனா, அதோட விட்டுடாதீங்க; விரிசல் ஏன் வந்ததுன்னு எழுத்தில் பதில் கேளுங்க. எழுத்தில் எதுவுமே இல்லாமல், ஆறாவது வருஷம் அதே விரிசல் வெளியே வந்தா, இந்தப் பிரிவு கைகொடுக்காது.